கழுதை சொன்ன நெசம்

சண்முகவடிவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கீரைக்கட்டைக் கையில் வாங்கும்போதே நேற்றைக்கு இன்றைக்கு இளைத்துவிட்டது என்று சொல்லிவிடுவாள். புடவைக் கடைக்காரன் சாயம் போகாது என்று சத்தியம் பண்ணினால், முந்தானை நுனியை எச்சில் தொட்டுத் தேய்த்து அவன் மூக்குக்கு முன்னாலேயே காட்டுவாள். அப்பேர்ப்பட்டவளை ஒருத்தி எதிரே உட்கார்ந்து, ஐம்பத்திரண்டு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு வருஷம் ஏமாற்றினாள் என்றால் யார் நம்புவார்கள்? வடிவே நம்பவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

வடிவுக்குத் திருச்செந்தூர் பக்கம். புருஷன் சுயம்புலிங்கம் ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். அறுபத்தொன்பதில், கடைக்கு ரெண்டு சந்து தள்ளி ஒரு மாடியில் குடிவந்தார்கள். மாடியில் ரெண்டு போர்ஷன். எதிர் போர்ஷனில் ராஜகோபாலன் என்று ஒரு சர்க்கார் குமாஸ்தா. அவர் சம்சாரம்தான் ஜானகி. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள், பிள்ளை குட்டி இல்லை, வடிவை விட ரெண்டு வயசு சின்னவள். வடிவின் பிள்ளைகள் ரெண்டும் காலையில் பள்ளிக்கூடம் போனால் நாலு மணிக்குத்தான் வரும். மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை மாடியில் அந்த ரெண்டு பெண்களும் சும்மா இருந்தார்கள். மூன்றாவதாக வேலம்மா. கண்ணம்மாபேட்டையிலிருந்து வந்து ரெண்டு வீட்டுக்கும் பாத்திரம் தேய்ப்பவள். சாப்பிட்ட பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, வெயில் தாழட்டும் என்று வடிவு வீட்டுக் கூடத்தில் காலை நீட்டுவாள்.

சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தது ஜானகிதான். ரம்மி ஆடலாம் என்றாள். வேலம்மாவுக்கு ரம்மி பிடிக்கவில்லை. "இன்னாம்மா இது, எண்ணிக்கினே இருக்கணும். கய்தை ஆடலாம் வா," என்றாள். கழுதையானால் யாருக்குத்தான் தெரியாது? போட்ட இனத்திலேயே எல்லாரும் போட வேண்டும். அந்த இனம் கையில் இல்லாதவள் வேறொன்றைப் போட்டு வெட்டுவாள். அந்தச் சுற்றில் பெரிய சீட்டுப் போட்டவள் தலையில் அத்தனையும் விழும். கடைசியில் யார் கையில் சீட்டு மிச்சமோ அவள் கழுதை.

கழுதையானவள் கழுதை மாதிரிக் கத்த வேண்டும் என்பது வழக்கம். முதல் நாள் தோற்றது வடிவு. கீழே வீட்டுக்காரர் இருக்கிறார், பாத்திரக்கடைக்காரர் பெண்டாட்டி கத்துகிறாள் என்று கடைத்தெரு வரைக்கும் போய்விடும். "கத்தவெல்லாம் முடியாதுட்டி. அதுக்குப் பதிலா மனசுல கெடக்கிற நெசம் ஒண்ணு சொல்லுதேன்," என்றாள். சொன்னதோடு நில்லாமல், கலைந்து கிடந்த சீட்டை எல்லாம் அடுக்கிக் கவிழ்த்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து, "நெசம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பித்தாள். மெட்ராஸுக்கு வந்து ஆறு மாதம் தினமும் குளிக்கும்போது அழுதேன், தண்ணிச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்பதால், என்று சொன்னாள். அதைப் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

அவர்கள் ஊரில் ஒன்றின்மேல் கையை வைத்து நெசம் என்று சொல்லிவிட்டால் அது சத்தியம். மீறினால் வாய் அழுகிவிடும் என்று பயப்படுகிற ஜனம். வடிவு அப்படித்தான் கையை வைத்தாள். மற்ற ரெண்டு பேரும் எப்படி வைத்தார்கள் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டாமோ?

அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. மூன்று பேருக்கும் அந்த மூன்று மணி நேரம் எப்படி வேண்டியிருந்தது என்று சொல்லி முடியாது. வேலம்மா லேசில் தோற்கமாட்டாள். மாதத்துக்கு ஒரு தடவை தோற்றால் அதிகம். அப்படித் தோற்ற ஒரு நாள் சீட்டின்மேல் கையை வைத்து, "செத்துப்போன பெரிய பையன் மொகம் எனக்கு மறந்துபூட்ச்சிம்மா. யார்கிட்டயும் சொல்லல. பெத்தவளே மறந்துட்டான்னு ஏசுவாங்கோ," என்றாள். அதற்குமேல் யாரும் ஆடவில்லை. அன்றைக்கு வடிவு தானே எழுந்து போய்க் காப்பி போட்டு, தன் டம்ளரிலேயே வேலம்மாவுக்கு ஊற்றிக்கொடுத்தாள். ஜானகி அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் தன் வீட்டிலும் அப்படியே செய்தாள். ராஜகோபாலனுக்குத் தெரிந்தால் குதித்திருப்பார்.

ஜானகி தோற்றால் தனி விருந்து. கல்லூரியில் நாடகம் போட்டது, ஒரு வயலின் வித்வான் தன்னைப் பெண் கேட்டு வந்து அத்தை துரத்தியது, கோபித்துக்கொண்டு செங்கல்பட்டு வரை ரயிலேறிப் போய்த் திரும்பியது. குரலை ஏற்றி இறக்கி, நடுவில் நிறுத்தி, கண்ணைத் துடைத்து, அடேயப்பா, அப்படிச் சொல்வாள்! வடிவு வாயைப் பிளந்து கேட்பாள். ராத்திரி சாதம் போடும்போது சுயம்புலிங்கத்திடம், "அந்தப் புள்ள எவ்வளவு பட்டிருக்கு தெரியுமா? வெளிய பாத்தா தெரியாது," என்பாள்.

வடிவு பட்டதும் ஒன்று இருந்தது. அப்பா சிதம்பரநாதனோடு பேச்சு வார்த்தை இல்லை. தங்கச்சி தங்கபுஷ்பத்தின் நிச்சயதார்த்தத்துக்கு சுயம்புலிங்கம் கடையை விட்டுப் போகமுடியவில்லை. மாமனார் அதை மனசில் வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையில் மூத்த மாப்பிள்ளை பேரைப் போடாமல் அச்சடித்துவிட்டார். பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட அத்தான் பேரெல்லாம் இருந்தது. சுயம்புலிங்கம் என்ற பேர் இல்லை. பத்திரிகையை மூன்று தடவை படித்தாள் வடிவு. கல்யாணத்துக்குப் போகவில்லை. அது அறுபத்தெட்டு. அப்பாவும் வரவில்லை, எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் வளர்ந்ததை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

பேர் விட்டுப்போன மனுஷன் எப்போதோ மறந்துவிட்டார். "அச்சுல பேர் வந்தா எனக்கு என்ன, வராட்டி என்ன? உங்கப்பா தானே, ஒரு வரி எழுதேன் வடிவு," என்று அவரே சொன்னார். வடிவுக்குத்தான் வீறாப்பு. மூன்று வருஷம் போனபிறகு அந்த வீறாப்பும் தேய்ந்துவிட்டது. எழுபத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை இன்லாண்டு லெட்டர் வாங்கி வந்து எழுதினாள். 'அப்பா, பிள்ளைகளைப் பார்க்க வாங்க. நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.' நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். தபால்பெட்டி தெருமுனையில்தான். போடப் போகவில்லை, மத்தியானம் ஆகட்டும், பார்க்கலாம் என்று இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

முதல் ஆட்டத்தில் அவளே கழுதை. கையை வைத்தாள். நெசம் என்றாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இடுப்பிலிருந்து கடுதாசியை எடுத்துக் காட்டி, "போடவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. இன்னிக்கு எனக்கு ஒண்ணும் ஓடல," என்றாள்.

"இதுக்கு இன்னா ரோசனை, போய்ப் போட்டுட்டு வா," என்றாள் வேலம்மா.

ஜானகி சீட்டைக் கலைத்துப் போட்டாள். அடுத்த ஆட்டத்தில் ஜானகி கழுதை. கையை வைத்தாள். "நிஜம்," என்றாள்.

"நானும் எங்கப்பாவோட மூணு வருஷம் பேசாம இருந்தேன் வடிவு. கல்யாணமான புதுசு. இவரை ஒரு வார்த்தை சொல்லிட்டார். நான் லெட்டர் மேல லெட்டரா எழுதினேன். பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டார். அப்புறம் சீ போன்னு விட்டுட்டேன். எழுதறதை நிறுத்தினேன் பாரு, ஒரு நாள் மத்தியானம் கதவைத் தட்டற சத்தம். திறந்தா அப்பா நிக்கறார். கையில நாலு முருங்கைக்காய். நம்மாத்து மரத்துல காய்ச்சுதுடி ஜானு, நோக்குப் பிடிக்குமேன்னு கொண்டுவந்தேன்னார். அப்படியே வாசல்லயே உக்காந்து ரெண்டு பேரும் அழுதோம். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம்தான் இருந்தார். ஆனா தானா வந்தார் பாரு. நாமளாப் போனா அவாளுக்கு நம்ம அருமை தெரியாது."

ஜானகியின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. வடிவு ஒரு நிமிஷம் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு கடுதாசியை நாலாகக் கிழித்தாள். "என் வயித்துல பாலை வார்த்தே ஜானகி. நான் எழுதி அவரு திருப்பி அனுப்பியிருந்தா நான் செத்துருப்பேன். வரட்டும். தானா வரட்டும்," என்றாள். வேலம்மா கிழிந்த காகிதத்தைப் பார்த்தாள், ஜானகியைப் பார்த்தாள், சீட்டை எடுத்து அடுக்கினாள்.

அதற்கப்புறம் ரெண்டு வருஷம் வடிவு காத்திருந்தாள். எப்படிக் காத்திருந்தாள் என்றால், மத்தியானம் கீழே கேட் சத்தம் கேட்டால் சீட்டைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். அப்பா கையில் என்ன கொண்டுவருவார்? கருப்பட்டியா, பனங்கிழங்கா? ஜானகியிடமே கேட்பாள். ஜானகியும், "பனங்கிழங்குதான்," என்பாள், சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டே சொல்ல அவளுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!

எழுபத்துமூன்று புரட்டாசியில் தந்தி வந்தது. காலையில் வயலுக்குப் போன அப்பா வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அன்று சாயங்காலம் ரயிலேறி, மறுநாள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வெறும் வீடு. தங்கபுஷ்பம் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அழுகை நின்றதும் சண்டைக்கு வந்தாள். "ஒரு வரி எழுதுனா என்னக்கா உனக்கு? தபால்காரன் போறப்பல்லாம் எந்திரிச்சு நிப்பாரு. அவ ஒரு வரி எழுதட்டும், மறுநாளே ரயிலேறிருதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாருக்கா. பத்திரிகைல பேர விட்டது தப்புதான்னு ஊரெல்லாம் சொன்னாரு. உன்கிட்ட சொல்ல வெக்கம்." எழுதினேனே, எழுதிக் கிழித்தேனே என்று சொல்ல வடிவுக்கு வாய் வரவில்லை. ஜானகிக்கு வந்தவர் எனக்கு வரலையே, நான் அவ்வளவு கொடுத்து வைக்காதவளா என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டாள். பாருங்கள், அப்போதும்!

திரும்பி வந்து ஒரு மாதம் சீட்டைத் தொடவில்லை. ஜானகி தினமும் ரசமும் சாதமும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தாள். அந்த உபகாரத்தை வடிவு மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அந்தச் சமயத்தில் மயிலாப்பூரிலிருந்து ஜானகியின் அத்தை வந்து நாலு நாள் தங்கினார். அப்பாவோடு கூடப்பிறந்தவர், ஜானகியை எடுத்து வளர்த்தவர். ஒரு மத்தியானம் துக்கம் விசாரிக்க வடிவு வீட்டுக்கு வந்தார். ஜானகி தன் வீட்டு அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று பின்தங்கிவிட்டாள்.

"அழாதேம்மா," என்றார் அத்தை, வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு. "நோக்காவது முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் அப்பான்னு ஒருத்தர் இருந்தார். எங்காத்து ஜானகியைப் பாரு. அவ அப்பா மூஞ்சியையே பார்த்ததில்லை. அவ பொறக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடியே என் அண்ணா போயிட்டான். அவளும் வளர்ந்து ஆளாகலையா?"

வடிவு சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள். "யாரு மாமி? ஜானகி அப்பாவா?"

"ஆமாம். டைபாய்டு. ஒரு போட்டோ கூடக் கிடையாது. சின்ன வயசுல எங்கிட்ட வந்து அப்பா எப்படி இருப்பார், எப்படிப் பேசுவார்னு நச்சரிப்பா. நான் என்னத்தைச் சொல்ல?"

அத்தை இன்னும் என்னென்னவோ சொன்னார். வடிவு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாலு முருங்கைக்காய். அந்த நாலு முருங்கைக்காயை நம்பி ஒரு மனுஷனை நிற்க வைத்தே சாகவிட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை வேலம்மா வந்ததும் அவளைச் சமையற்கட்டில் நிறுத்தினாள். "வேலம்மா, ஜானகி சொன்ன கதையெல்லாம், அவ அப்பா வந்தது, ரயிலேறிப் போனது, அதெல்லாம் நெசமா?"

வேலம்மா புளியும் சாம்பலுமாகக் கையில் வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா வடிவம்மா, நீ அதெல்லாம் நம்பிக்கினா கீறே? சோக்கா சொல்லும், நானும் கேட்டுக்கினு இருப்பேன். கத சொல்ணும்னு ஆச வந்தா வேணும்னே தோக்கும் அது. சின்ன சீட்டு கைல கீறப்போ பெரிய சீட்டைப் போடும். நீ கடுதாசி காட்டினே பாரு, அன்னிக்கும் அப்டித்தான். ரெண்டாம் நம்பர் கீது கைல, ராஜாவப் போட்டுச்சு. நான் வெட்டினேன்."

"ஏன்ட்டி என்கிட்ட சொல்லல?"

"உனக்கும் தெரியும்னு நெனச்சேம்மா. படிச்சவங்கோ ரெண்டு பேரும் ஏதோ வெளையாடிக்கினு கீறீங்கன்னு. நீ கிழிச்சப்போதான் எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. எச்சப் பாத்திரம் தேய்க்கறவ நான், எங்கேர்ந்து சொல்றது?"

அத்தை பத்து மணிக்கு மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினார். ராஜகோபாலன் ஆபீசுக்குப் போய்விட்டார். வடிவு எதிர் போர்ஷன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஜானகி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அத்தை சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"உங்கப்பா எப்போ ஜானகி செத்தாரு?"

ஜானகி அவரைக்காயை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"கையை வச்சு நெசம்னு சொன்னியே."

"அது ஆட்டம்தானே வடிவு," என்றாள் ஜானகி, மெதுவாக. "எல்லாரும் ஏதாவது சொல்றோம்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, நீங்க ரெண்டு பேரும் மனசைக் கொட்டறேள்னு. நேக்குன்னு கொட்ட என்ன இருந்துது? காலேஜ் வாசலை மிதிச்சதில்லை. என்னை யாரும் பொண்ணு கேட்டு வரலை. இவர்தான் முதல்ல வந்தார், முடிச்சுட்டா. காலம்பற எழுந்திருக்கறேன், சமைக்கறேன். நேக்கு ஒண்ணுமே நடந்ததில்லை வடிவு."

"நடக்கலன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே? எதுக்கு அப்பாவ இழுத்தே?"

"நீ அன்னிக்கு உங்கப்பாவைப் பத்தி அழுதே. நேக்குப் பொறாமையா இருந்துது. கோச்சுக்கறதுக்காவது ஒரு அப்பா இருக்காரேன்னு. எங்கப்பா வந்து வாசல்ல நிக்கற மாதிரி சின்ன வயசுலேர்ந்து நெனச்சு நெனச்சுப் பார்த்திருக்கேன். வாயில அப்படியே வந்துடுத்து."

"சரி, வந்துட்டு. உன் கண்ணு முன்னாலதானே கடுதாசியக் கிழிச்சேன்? மறுநாள் சொல்லியிருக்கலாம்லா? மறு மாசம்? ரெண்டு வருசம் ஜானகி! கேட் சத்தம் கேட்டு நான் ஓடுறப்பல்லாம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியே. பனங்கிழங்கு கொண்டு வருவாருன்னியே!"

"சொல்லணும்னு உங்காத்து வாசல் வரைக்கும் வந்திருக்கேன். பயம். சொன்னா எங்கூட விளையாட மாட்டே. இங்க நேக்கு வேற யாரு?"

வடிவுக்கு வாயில் வந்த வசவு எல்லாம் போதவில்லை. அடிக்கலாம் என்று கை எழுந்தது. எழுந்த கை அப்படியே தொங்கிப்போயிற்று.

"உனக்கு அப்பா இல்லைன்னு, எங்கப்பாவையும் எடுத்துக்கிட்டியே பாவி," என்றாள்.

ஜானகி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வடிவு நின்று பார்த்தாள். அது அழுகைதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலு வருஷமாக அந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவளுக்கு, இப்போது அதில் எது நெசம் என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை. திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைச் சாத்தினாள்.

சுயம்புலிங்கம் வேறு வீடு பார்க்கலாமா என்று கேட்டார். கடைக்குப் பக்கத்தில் இந்த வாடகைக்கு எங்கே கிடைக்கும்? அங்கேயேதான் இருந்தார்கள். ஒரே மாடி, ஒரே படிக்கட்டு, கீழே ஒரே குழாய்.

மறுநாள் விடிகாலை தண்ணீர் வந்தபோது வடிவு முதலில் குடத்தை வைத்திருந்தாள். ஜானகி வீங்கிய கண்ணோடு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். எப்போதும் இந்த நேரத்தில் ஒருத்திக்கொருத்தி கையைப் பிடித்து இழுத்து, நீ தள்ளு, நான்தான் முதலில் என்று கூச்சல் போடுவார்கள்.

வடிவு தன் குடத்தை நகர்த்தினாள். "நீங்க பிடிச்சுக்கிடுங்க," என்றாள்.

ஜானகி நின்ற இடத்திலேயே நின்றாள். குழாயடியில் வேறு யாரும் இல்லை, யாரைச் சொல்கிறாள் என்று தேடுவதற்கு.

"என்ன சொன்னே?"

"நீங்க முதல்ல பிடிங்க. எனக்கு அவசரம் இல்ல."

ஜானகி குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே, "வடிவு, என்னைத் திட்டணும்னா திட்டு. நாலு பேர் முன்னால வேணும்னாலும் திட்டு. ஆனா நீன்னு சொல்லித் திட்டு," என்றாள்.

வடிவு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடம் நெறைஞ்சிருச்சு, பாருங்க," என்றாள்.